மடை திறந்தால் விளக்கு எரியுமா?

பேச்சுப் போட்டியில் வென்ற பிள்ளையை, "மடை திறந்த வெள்ளம் போலப் பேசினாள்" என்று பாராட்டுவார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத் தொடர். பாகூர்ப் பிள்ளைகளே, நீங்களோ அதைக் கண்ணால் பார்த்தவர்கள். மதகைத் தூக்கியதும், அதுவரை அசையாமல் கிடந்த ஏரித் தண்ணீர் நுரைத்துச் சீறி வாய்க்காலில் இறங்குமே! அந்தத் தொடரை முதலில் சொன்னவரும் ஓர் ஏரிக்கரையில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

இதுதான் உவமை. செடிகளை இலை பார்த்து, பூ பார்த்துப் பிரிப்பார்கள் அல்லவா? தொல்காப்பியர் உவமைகளை அப்படிப் பிரித்தார். இரண்டு பொருள்கள் எதில் ஒத்திருக்கின்றன? வினையிலா, பயனிலா, மெய்யிலா, உருவிலா? மடை திறந்த வெள்ளம் வினை. மழைபோல வாரிக் கொடுத்தார் என்றால் பயன். வில்லியனூர் மண்பானை போன்ற தொந்தி என்றால் மெய், அதாவது வடிவம். பவழம் போன்ற உதடு என்றால் உரு, அதாவது நிறம்.

'போல' என்பதை எடுத்துவிட்டு, பாகூரைப் 'புதுச்சேரியின் நெற்களஞ்சியம்' என்கிறோமே, அது உருவகம்.

உங்கள் ஊருக்கே ஒரு பழைய உவமை உண்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேட்டில் இருக்கிறது. அதன் வடமொழிப் பகுதியை எழுதிய கவிஞர், வேகமாக இறங்கும் கங்கையைச் சிவன் சடையில் தாங்குவதைச் சொல்லி, அதுபோலக் கல்வி என்னும் ஆறு பாகூரில் வந்து நிறைந்தது என்கிறார். தண்ணீரால் வாழும் ஊரின் படிப்பைச் சொல்லவும் தண்ணீரையே எடுத்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

அறிவியலும் இதையே செய்கிறது. 'மின்னோட்டம்' என்ற சொல்லைப் பாருங்கள். மின்சாரம் எங்கே ஓடுகிறது? ஓடுவது வாய்க்கால் தண்ணீர். ஏரி ததும்பினால் மதகில் நீர் பீறிடும். வற்றினால் நூலாக வடியும். அந்த நீர்மட்ட உயரம்தான் மின்னழுத்தத்துக்கு உவமை. வாய்க்கால் குறுகினாலோ, ஆகாயத்தாமரை அடைத்தாலோ ஓட்டம் குறையும். அது மின்தடை. கண்ணுக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் ஓர் ஏரியில் விளங்கிவிட்டன!

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். நல்ல மாணவர் உவமையை அது ஒடியும் இடம்வரை வளைத்துப் பார்ப்பார். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலில் புறப்படும் நீர் பாகூர் ஏரிக்கு ஊர்ந்துதான் வர வேண்டும். டார்ச் விளக்கோ பொத்தானை அழுத்திய கணமே எரிகிறது. அப்படியானால் எலக்ட்ரான்கள் மின்னல் வேகத்தில் ஓடுகின்றனவா? இல்லை. செம்புக் கம்பிக்குள் அவை நகர்வது விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் கம்பி முழுவதும் அவை ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. பொத்தானை அழுத்தியதும் எல்லா இடத்திலும் சேர்ந்தாற்போல் நகரத் தொடங்குகின்றன. வறண்ட வாய்க்கால் இதற்குச் சரியான உவமை ஆகாது. நீர் நிறைந்த குழாய் கொஞ்சம் பொருந்தும்.

இன்னோர் இடத்திலும் ஒடிகிறது. வாய்க்கால் கரை உடைந்தால் தண்ணீர் வயலில் கொட்டும். சுவிட்சை அணைப்பதும் கம்பியில் ஓர் உடைப்புதான். அங்கே மின்சாரம் கொட்டுவதில்லை, நின்றுவிடுகிறது. இடைவெளி விழுந்த மின்சுற்றை அறிவியல் புத்தகம் 'திறந்த சுற்று' என்கிறது. அடுத்த முறை மதகுப் பக்கம் போகும்போது இதை நினைத்துப் பாருங்கள்: மதகைத் திறந்தால் தண்ணீர் பாயும், சுற்றைத் திறந்தால் விளக்கு அணைந்துவிடும்.