குறைந்த பாரமும் கூட்டிய சுமையும்

உடலின் மிகையான பாரத்தைக் குறைப்பதற்கென்றே இரைப்பையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர், சில மாதங்கள் கழிந்தபின், அரிசிப் பொட்டலம் இரண்டினை ஒரு பையிலிட்டு முதுகில் மாட்டிக்கொண்டு காலைவேளையில் நடக்கப் புறப்படுகின்றார். காண்போர் நகைப்பர். அரும்பாடுபட்டு இறக்கிவைத்த சுமையை மீண்டும் ஏற்றுவது எவ்வகை அறிவு என்று அயலார் வினவுவர். வினா நியாயமானதே. அதற்குரிய விடையைக் காண்பதற்கு, அச்சிகிச்சையினால் உடல் எதனை இழக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இச்சிகிச்சையின் வரலாறு மிகப் பழையதன்று. 1954ஆம் ஆண்டில், மின்னெசோற்றா சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரெமென், லின்னர் முதலானோர் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு செல்லும் வழியினின்றும் விலக்கிவிடும் முறையைப் பற்றி எழுதினர். அம்முறை எடையைக் குறைத்தது. ஆயினும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஊறு விளைத்தமையாற் பின்னர் கைவிடப்பட்டது. அயோவா சர்வகலாசாலையின் எட்வேட் மேசன் 1966ஆம் ஆண்டில் வேறொரு வழியைத் தொடங்கினார். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதனை நேரே சிறுகுடலுடன் இணைப்பதே அவ்வழி. இன்று மிகுதியாகச் செய்யப்படுவதோ, இரைப்பையில் முக்காற் பங்கினை அல்லது அதற்குச் சற்று மேற்பட்டதை வெட்டி நீக்கி, எஞ்சியதைச் சட்டைக் கை போன்ற ஒடுங்கிய குழாயாக விட்டுவிடும் முறையாகும்.

இவற்றால் முதலாண்டில் உடலெடையின் காற்பங்கு வரை குறைதல் இயல்பு. 120 கிலோகிராம் எடையுள்ளவர் 90 கிலோகிராமுக்கு வருகின்றார். நீரிழிவு தணிகின்றது, மூச்சு வாங்குதல் குறைகின்றது. ஆயினும் நீங்கிய முப்பது கிலோகிராமும் கொழுப்பு என்று எண்ணுதல் தவறு. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசை முதலிய கொழுப்பல்லாத பகுதியாகும். உணவு திடீரெனக் குறையும்போது உடல் தன் தசையையும் கரைத்துச் செலவிடுகின்றது.

என்பின் நிலை இன்னும் நுண்ணியது. என்பு தன்மீது விழும் பாரத்துக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்பதை ஜேர்மனிய வைத்தியரான யூலியஸ் வொல்வ் 1892ஆம் ஆண்டில் நூலாக எழுதி விளக்கினார். 120 கிலோகிராமைத் தாங்கியவரின் இடுப்பென்பும் தொடையென்பும் அப்பாரத்துக்கு ஏற்றவாறு உறுதிபெற்றிருந்தன. பாரம் விரைவில் நீங்கவே, அவ்வுறுதி வேண்டற்பாலதன்று என்று உடல் கொள்கின்றது. சிறுகுடலின் முற்பகுதியை உணவு தொடாது செல்லும் முறையிற் கல்சியம் உறிஞ்சப்படுவதும் குறைவதால் இழப்பு இருமடி வழிகளில் நேர்கின்றது. இம்முறைக்கு உட்பட்டோரிடத்து, ஆண்டுகள் சில கழிந்தபின், என்பு முறிவு அதிகமாகக் காணப்பட்டமை வெறும் அச்சமன்று. ஆராய்ச்சிகளாற் கண்ட உண்மை.

இனி, சுமையுடன் நடப்பது இவ்விழப்பை எவ்வளவு ஈடுசெய்யும்? இங்கே ஆர்வம் உண்மையை முந்திவிடலாகாது.

சுமையுடன் நடப்போர் செலவிடும் சக்தியைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை, அமெரிக்கப் படைத்துறையின் ஆராய்ச்சியாளரான பண்டோல்வ் முதலியோர் 1977இல் வெளியிட்டனர். அதன்படி, 90 கிலோகிராம் எடையுள்ளவர் ஒன்பது கிலோகிராம் சுமையுடன் சமதரையில் இயல்பான வேகத்தில் நடந்தால், சுமையின்றி நடப்பதிலும் நூற்றுக்கு ஏழு பங்கு அளவே மிகுதியாகச் செலவிடுகின்றார். நூறு அடிக்கு ஐந்தடி உயரும் ஏற்றத்தில் வெறுங்கையுடன் ஏறினாலோ செலவு பாதிக்கு மேல் அதிகரிக்கும். மேட்டுநிலத்தில் வாழ்வோருக்குப் பையைக் காட்டிலும் பாதையே சிறந்த ஆசான் எனலாம்.

சுவீடன் நாட்டுக் கோதன்பேர்க் நகரில் வேறொரு கருத்து எழுந்தது. உடலின் பாரத்தை அளந்தறியும் ஓர் உணர்வு கால் என்புகளில் உண்டு என்றும், பாரம் மிகுந்தால் அது பசியைத் தணிக்கும் என்றும் அங்குள்ள ஆராய்ச்சியாளர் எலிகளை வைத்துச் சோதித்து 2018இற் கூறினர். 2020இல் வெளியான சோதனையில், பருத்த உடலினர் சிலர் தம் எடையில் நூற்றுக்குப் பதினொரு பங்கான மேலங்கியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் மூன்று கிழமைகள் அணிந்தனர். நூற்றுக்கு ஒரு பங்கான அங்கியை அணிந்தோரிலும் அவர்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் வரை மிகுதியாக இழந்தனர். மூன்று கிழமை குறுகிய காலமே.

என்பைப் பற்றிய செய்தி அத்துணை உவப்பானதன்று. வட கரோலினாவிலுள்ள வேக் பொரஸ்ற் சர்வகலாசாலையில் முதியோர் 150 பேரை ஓராண்டு கவனித்துப் பெற்ற முடிவு 2025இல் வெளிவந்தது. உணவைக் குறைத்து எடையிழந்த அவர்களுள் ஒரு சாரார், இழந்த எடைக்கு ஈடான பாரத்தை அங்கியில் இட்டுச் சுமந்தனர். இன்னொரு சாரார் தசைவலிப் பயிற்சி செய்தனர். இடுப்பென்பின் இழப்பு எச்சாராரிடத்தும் நிற்கவில்லை. எனினும் பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோவிலும் போர்த்துக்கல் நாட்டுப் போர்ட்டோவிலும், சத்திரசிகிச்சை பெற்றோரையே கொண்டு நடத்திய சோதனைகளில், மேற்பார்வையுடன் கூடிய பலவகைப் பயிற்சிகள் என்பிழப்பைக் குறைத்தன. ஆகவே, பை தனித்து நின்று என்பைக் காக்கும் என்று நம்புவதிலும், படியேறல், நாற்காலியிலிருந்து எழுந்தமர்தல், பாரந்தூக்கல் ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு துணையாக அதனைக் கொள்வதே பொருத்தம். காலின் தசைக்கும் மூச்சின் வலிமைக்கும் அதனால் விளையும் நன்மையில் ஐயமில்லை.

காலம் அறிந்து தொடங்குதல் இன்றியமையாதது. சுமையற்ற நடை சத்திரசிகிச்சை நாளிலேயே தொடங்கும். கால் நாளங்களில் இரத்தம் உறையாதிருத்தற்கு வைத்தியசாலைத் தாதிமாரே நோயாளியை எழுப்பி நடத்துவர். பாரந்தூக்குதலோ நான்கு முதல் ஆறு கிழமை வரை விலக்கப்படும். அதன்பின்னும் சத்திரவைத்தியரின் இசைவின்றிப் பையைத் தொடலாகாது. தொடக்கத்தில் இரண்டு கிலோகிராம் போதும். ஒரே கிழமையில் தூரத்தையும் பாரத்தையும் சேர்த்துக் கூட்டுதல் கூடாது. முழு வாக்கியம் ஒன்றைத் தடையின்றிப் பேசக் கூடியதாயிருத்தல் நடைவேகத்தின் அளவு. பை முதுகின் மேற்பகுதியோடு ஒட்டியிருத்தல் வேண்டும். இடுப்புப் பட்டி வயிற்றை அழுத்துதல் ஆகாது. முழங்கால் தேய்ந்தவர் இன்னொன்றையும் கருதவேண்டும். ஒரு கிலோகிராம் உடலெடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் பாரம் நான்கு கிலோகிராம் அளவு குறைகின்றது என 2005ஆம் ஆண்டின் ஆராய்ச்சி காட்டிற்று. அக்கணக்கு மறுபுறமும் செல்லும்.

உண்ணும் புரதம் நாளொன்றுக்கு 60 கிராமிற் குறையுமாயின் சுமை தசையை வளர்க்காது. செங்கல் வாங்காமற் கொத்தனுக்குக் கூலி கொடுத்தவாறு முடியும். கல்சியமும் விற்றமின் டீயும் வைத்தியர் விதித்தபடி நாடோறும் வேண்டும். சிறுத்த இரைப்பை ஒரே மடக்கில் நீரை ஏற்காதாகையால், நடைக்கு முன்னரும் இடையிலும் சிறிது சிறிதாகப் பருகுதல் நலம். இரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ முன்பு கொடுத்த மருந்தின் அளவு, மெலிந்த உடலுக்கு மிகையாகித் தலைச்சுற்றலை உண்டாக்குதலும் உண்டு; அதனை வைத்தியரிடம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். குடல் வழி மாற்றப்பட்டவருக்கு நடையின்போதாயினும் வேறு வேளையிலாயினும் வயிற்றில் திடீரெனக் கடும்நோவு தோன்றினால், குடல் உள்ளே பிதுங்கிச் சிக்கியிருத்தல் கூடும். அந்நிலையிற் பையை அவ்விடத்திலேயே விட்டுவிட்டு உடனே வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.