போதைப்பொருளால் உயிர் போனால், விற்றவருக்கு என்ன தண்டனை?

"வித்தவனைப் பிடிச்சாங்க, கொஞ்ச நாள்ல வெளிய வந்துட்டான்." சங்ககிரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலோ, லாரி பட்டறையிலோ இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சரி, விற்ற பொருளால் ஓர் உயிரே போய்விட்டால்? என்ன தண்டனை என்பது, விற்றது எது என்பதைப் பொறுத்தது.

கள்ளச்சாராயம் என்றால்...

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்ட பலர் நமது சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால், குற்றவாளிக்கு ஆயுள் சிறையும், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது.

கஞ்சா, ஹெராயின் என்றால்...

இங்கே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பொருந்தும். இதில் தண்டனைக்கு எடைதான் கணக்கு. ஒரு கிலோவுக்குக் குறைவான கஞ்சா என்றால் ஓராண்டு வரை சிறை. ஒரு கிலோ முதல் 20 கிலோ வரை என்றால் 10 ஆண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் என்றால் 10 முதல் 20 ஆண்டு. ஹெராயினுக்கு 250 கிராமைத் தாண்டினாலே இந்த உச்ச தண்டனை வந்துவிடும்.

ஆனால், 'வாங்கியவர் இறந்தால் இவ்வளவு' என்று இந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. அப்போ உயிருக்குக் கணக்கே இல்லையா? இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 105-வது பிரிவில், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகத் தனியாக வழக்குத் தொடர முடியும். உயிர் போகும் என்று தெரிந்தே செய்ததாக நிரூபணமானால் 10 ஆண்டு வரை சிறை. கவனக்குறைவு என்றால் 106-வது பிரிவு. 5 ஆண்டு வரை.

வழக்கு நிற்பது எதில்?

நிரூபிப்பதில்தான். இறந்தவர் உடலில் அந்தப் பொருள் இருந்ததா, அதனால்தான் இறந்தாரா, அதைக் கொடுத்தவர் யார் என்ற மூன்றும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். முதல் இரண்டுக்கும் பிரேதப் பரிசோதனையும், உள்ளுறுப்பு மாதிரிகளின் தடய அறிவியல் அறிக்கையுமே ஆதாரம். "ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்று பயந்து, போலீசுக்குச் சொல்லாமல் தகனம் செய்துவிட்டால், அந்த ஆதாரமும் சேர்ந்து எரிந்துவிடும். விற்றவர் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் விற்பார். ஆகவே சந்தேக மரணம் என்றால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மீதமுள்ள பாக்கெட், பாட்டில், மாத்திரை அட்டை, ஊசி எதையும் கழுவவோ வீசவோ வேண்டாம். செல்போனில் உள்ள பேச்சு, பணம் அனுப்பிய விவரங்களையும் அழிக்காதீர்கள்.

முதலில் உயிர்

சாராயம் குடித்தவருக்கு வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் வந்தாலோ, போதை ஏற்றியவர் எழுப்பியும் எழாமல் மூச்சுத் திணறினாலோ, "தூங்கினா சரியாயிடும்" என்று விடாதீர்கள், 108-ஐ அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

போதைக்கு அடிமையானவர், சிறிய அளவு தொடர்பான வழக்கில் இருந்தாலும், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்தால், 64-ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. தண்டனை விற்பவருக்கு; அடிமையானவருக்குத் திரும்பி வர வழி உண்டு.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: கள்ளச்சாராயம், போதைப்பொருள் விற்பனை பற்றித் தகவல் தர 10581, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, இலவசச் சட்ட உதவிக்கு 15100. குற்றத்தால் உயிரிழந்தவரின் குடும்பம், இழப்பீடு கேட்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். குற்றவாளி யார் என்று இன்னும் கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் விண்ணப்பிக்க முடியும்.