குரல் கொடுக்கும் பூட்டு

மலைநாட்டுத் தோட்டங்களிலே மோட்டார் சைக்கிள் என்பது ஒரு காலத்தில் துரைமாருக்கும் உத்தியோகத்தர்களுக்குமே உரிய வாகனமாக இருந்தது. தூரத்து வளைவில் அதன் ஒலி கேட்ட மாத்திரத்தில் மலையில் நிற்கும் கொழுந்துப் பெண்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். இன்று அந்நிலை மாறிவிட்டது. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் இராகலையிலும் எத்தனையோ லயத்து இஸ்தோப்புகளில், விறகுக் கட்டுக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பதைக் காணலாம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுவே; பிள்ளையை வகுப்புக்கு ஏற்றிச் செல்வதும் அதுவே.

அவ்வண்டி எளிதில் கிடைத்ததன்று. 2020 மார்ச்சு மாதத்தில் நம் நாட்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலையும் ஏணி வைத்தாற்போல் ஏறிற்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வெளியானது 2021 இல். அந்தக் கணக்கில் மூன்று இலட்ச ரூபாவுக்கு ஒரு பழைய வண்டியை வாங்குபவர், ஒரு சதமும் உண்ணாமல் உடுக்காமல் முந்நூறு நாள் உழைத்த உழைப்பை அதில் வைத்திருக்கிறார். தவணை முறையில் வாங்கியிருந்தாலோ வட்டி வேறு.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இவ்வகையில் ஒரு வண்டி வாங்கினான். அவனுடைய அக்காள் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து அனுப்பிய பணம் முதற்கட்டணமாயிற்று; மீதி தவணை. ஒரு மழை இரவில், உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போன இடத்தில், வீதியோரமாக நிறுத்திவிட்டு உள்ளே சென்றான். திரும்பி வந்தபோது வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு மாத்திரமே இருந்தது. “ஹாண்டிலைப் பூட்டித்தானே சேர் போனேன்” என்று அவன் என்னிடம் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. வண்டி போயிற்று, தவணை போகவில்லை. அது மாதந்தோறும் தவறாமல் வந்தது.

கைபிடிப் பூட்டை நம்பியவர்கள் அவனைப் போல் பலர். வலிய கை ஒன்று கைபிடியைப் பலமாகத் திருப்பினால் உள்ளேயிருக்கும் சிறு ஆணி முறிந்துவிடும்; அதற்குச் சில நொடிகளே போதும். மேலும், அது ஓசையின்றி முறியும். கள்வனுக்கு வேண்டியதும் இந்த ஓசையின்மைதான்.

இக்குறையை நோக்கி வந்ததே அலாரம் பொருத்திய தட்டுப் பூட்டு. டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் சில்லோடு சேர்ந்து சுழலும் துளையிட்ட உருக்குத் தட்டு ஒன்று உண்டல்லவா? அத்தட்டைக் கவ்விக்கொண்டு, துளை ஒன்றினூடே ஓர் ஆணியைச் செலுத்திப் பூட்டுவது தட்டுப் பூட்டு. கைப்பிடிக்குள் அடங்கக்கூடிய அளவுடையது. அதன் வயிற்றில் அசைவை உணரும் சிறு கருவியும், ஓர் ஊதுகுழலும், சிறிய பற்றரிகளும் இருக்கின்றன. பூட்டிய சில விநாடிகளில் அது விழித்துக்கொள்ளும். யாரேனும் வண்டியைத் தொட்டசைத்தால் முதலில் ‘கீச் கீச்’ என்று எச்சரிக்கும். அசைவு தொடர்ந்தால் பத்து விநாடியளவு அலறித் தீர்க்கும்.

எவ்வளவு அலறும்? பெட்டியின்மேல் 110 டெசிபெல் என்று அச்சிட்டிருப்பார்கள். சாதாரண உரையாடல் ஏறக்குறைய 60. ஆனால் தூரம் கூடக்கூட ஒலி மெலியும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. ஒரு மீற்றர் தொலைவில் 110 என்று வைத்துக்கொண்டால், திறந்த வெளியில் பத்து மீற்றரில் அது 90 ஆகும். நூறு மீற்றரில் 70. இடையிலே சுவரும் சாத்திய கதவும் இருந்தால் இன்னும் குறையும். தென்மேல் பருவ மழை தகரக் கூரையில் கொட்டும் இரவில், அடுத்த காம்பராவில் பேசுவதே கேளாதபோது, கீழ்ப்பாதையில் நிறுத்திய வண்டியின் கூக்குரல் யார் காதில் விழும்? ஆகையால் முதல் விதி இது: வண்டியை நீங்கள் உறங்கும் இடத்துக்கு அருகே நிறுத்துங்கள். பூட்டு கூப்பிடும், எழுந்து வரவேண்டியவர் மனிதர்தாம்.

இவ்விடயத்தில் லயத்து வாழ்வுக்கு ஒரு வசதி உண்டு என்பது விந்தையே. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களை முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய லயங்களில் அந்தரங்கம் என்பது அரிது. அந்நெருக்கத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனமில்லை. எனினும் ஒரு வண்டி அலறினால் பத்துக் குடும்பங்கள் விழித்துக்கொள்ளும் இடம் அது. தப்பு அடித்தாலும் ஸ்டோரில் சங்கு ஊதினாலும் என்ன செய்தி என்று ஒலியைக் கேட்டே அறிந்துவந்த மக்கள் அவர்கள்.

ஆனால் அந்த விழிப்பை வீணாக்கிவிடலாகாது. மேற்சொன்ன மாணவன் பிற்பாடு இன்னொரு பழைய வண்டி வாங்கி, முதல் வேலையாக இப்பூட்டையும் வாங்கினான். முதல் வாரத்தில் நாய் உரசியதற்கு ஒரு முறை, காற்றுக்கு இரு முறை, பந்து பட்டதற்கு ஒரு முறை என்று பூட்டு ஓயாமல் கத்தியது. பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை. அதற்கடுத்ததில் ஸ்டோரில் இரவு வேலை செய்து பகலில் உறங்குபவர். இரண்டாம் வாரத்தில் எவரும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி, “அந்தச் சாமானைக் கொண்டுபோய் ஆத்தில போடு தம்பி” என்று சொல்லிவிட்டாராம்.

குற்றம் பூட்டிலன்று, வண்டியை நிறுத்திய முறையில் இருந்தது. பக்கத்துத் தாங்கியில், சரிந்த மண்ணில் சாய்ந்து நின்ற வண்டி காற்றுக்கும் அசைந்தது. நடுத்தாங்கியை இட்டு, அதன் கீழே ஒரு தட்டைக் கல்லை வைத்து, காற்றுக்கு மறைவாக நிறுத்திய பின் வீண் கூச்சல் பெரும்பாலும் அடங்கிற்று. அயலாரிடம் வீடு வீடாகச் சென்று, இனிக் கத்தினால் எழுந்து பாருங்கள் என்று சொல்லியும் வைத்தான். அது பூட்டின் விலையில் சேராத செலவு.

இனி, வாங்கும் முறை. கடைக்கு வண்டியையே கொண்டுபோங்கள். உங்கள் வண்டிக்கு டிஸ்க் பிரேக் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. தோட்டப்புறங்களில் ஓடும் சிறிய வண்டிகளிலும் ஸ்கூட்டர்களிலும் இரு சில்லுக்கும் டிரம் பிரேக்கே உள்ளவை ஏராளம். அவற்றுக்கு இப்பூட்டு பயன்படாது. அத்தகையோர் கடினமாக்கிய உருக்குச் சங்கிலியைச் சில்லினூடே விட்டு, இஸ்தோப்புத் தரையில் சீமெந்து இட்டுப் பதித்த வளையத்தோடு பிணைப்பதே நன்று. அலாரம் உள்ள சங்கிலிப் பூட்டுகளும் விற்கப்படுகின்றன.

டிஸ்க் உள்ளவர்கள் ஆணியின் பருமனைப் பார்க்கவேண்டும். ஆறு மில்லிமீற்றர், பத்து, பதினான்கு எனப் பல அளவில் அவை வருகின்றன. தட்டிலுள்ள துளையில் ஆணி தாராளமாகப் புகவேண்டும். பூட்டின் உடல் முன் கவைக் காலிலோ காலிப்பர் எனப்படும் கவ்வியிலோ இடியாமல் அமரவேண்டும். புகக்கூடியவற்றுள் பருமனானதை எடுங்கள். பார்வைக்குப் பளபளப்பான மலிவுப் பூட்டுகள் சில சுத்தியலின் ஓர் அடிக்கே பிளந்துபோகும். சத்தம் பெரிதாக இருப்பதனால் உடல் உறுதி என்று எண்ணிவிடலாகாது. பிரித்தானியாவின் சோல்ட் செக்கியூர், நெதர்லாந்தின் ஏ.ஆர்.டி. போன்ற அமைப்புகள் பூட்டுகளை உடைத்துப் பார்த்துத் தரம் வழங்குகின்றன. பெட்டியில் அவற்றின் முத்திரை இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். இன்னொன்று: நாலு பேர் சேர்ந்து வண்டியையே தூக்கி லொறியில் ஏற்றினால் எந்தத் தட்டுப் பூட்டும் தடுக்காது, கத்துவதொன்றே அதனால் ஆகும்.

ஈரம் நம் மலைநாட்டில் இதற்குப் பெரும் பகை. சாவித்துளை கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுங்கள். குளிரில் பற்றரி வலுக்குறையும். நுவரெலியாக் குளிரில் இதைக் கண்கூடாகக் காணலாம். டிசெம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணியில் வண்டியை நிறுத்திவிட்டு நள்ளிரவில் மலையேறுவோர், மறுநாள் முற்பகலில்தான் இறங்கி வருவர். அதுவரை வண்டி பனியிலே தனியே நிற்கும். புறப்படுமுன் பற்றரியை மாற்றுவது, போர்வை எடுத்துக்கொள்வதைப் போன்ற முன்னேற்பாடு.

கழற்றிய பற்றரியைப் பற்றித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பல பூட்டுகளில் இருப்பவை சட்டைப் பொத்தான் அளவான வட்டப் பற்றரிகள். குழந்தை ஒன்றை விழுங்கி, அது தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடும் புண் உண்டாகும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். பழையவற்றை ஜன்னற் கட்டில் வைக்காதீர்கள்.

வண்டியின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், இயந்திர இலக்கம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். களவு போனால் 119 இல் பொலிசாரிடம் உடனே சொல்ல அவை வேண்டும். சட்டப்படி கட்டாயமான மூன்றாந்தரப்புக் காப்புறுதி களவுக்கு ஈடு தராது என்பதையும், அந்த இளைஞனைப் போலப் பின்னர் அறியாமல், இப்போதே அறிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, கள்வனைவிடச் சொந்தக்காரனுக்கே இப்பூட்டு செய்யும் தீங்கொன்றைச் சொல்லவேண்டும். அவசரத்தில் பூட்டை மறந்து வண்டியைக் கிளப்பினால், சில்லு அரைச் சுற்றுச் சுற்றுமுன் பூட்டு கவ்வியில் மோதும். வண்டி குப்புற விழும். மலைச் சரிவில் இறங்குமுகமாக நின்ற வண்டியென்றால் சொல்லவேண்டியதில்லை. ஒரு விடியற்காலையில் வகுப்புக்கு நேரமாயிற்றென்று ஓடிய நானே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருக்கிறேன். தட்டு வளைந்துபோயிற்று, திருத்தக் கொடுத்த கூலி பூட்டின் விலைக்கு இரட்டிப்பு. இதற்கென்றே பூட்டோடு சுருள் கயிறு ஒன்று, கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிறத்தில் வருகிறது. ஒரு முனை பூட்டில். மறு முனை கைபிடியில். அதை ‘அழகுக்கு’ என்று எண்ணிப் பெட்டியிலேயே போட்டுவைத்தவன் நான்.

சென்ற தைப்பொங்கலன்று அந்த மாணவன் வீட்டுக்கு வந்திருந்தான். வாசலில் வண்டியைப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தான். பொங்கல் உண்டு, பேசி, விடைபெற்று எழுந்தபோது மழை தூறத் தொடங்கிற்று. அவசரமாக ஏறி உட்கார்ந்தான். திண்ணையில் நின்ற என் மனைவி, “தம்பி, கயிறு!” என்றாள். அவன் சிரித்துக்கொண்டே இறங்கினான்.