ஓடாத மாதங்களில் டிரெய்லர் எங்கே நிற்பது?

ஆடி, ஆவணியில் குப்பை அடித்து முடிந்ததும் பாளையம்பட்டி வட்டாரத்தில் டிராக்டரிலிருந்து டிரெய்லரைக் கழற்றி விடுகிறார்கள். அதன்பின் டிராக்டருக்குக் கலப்பையும் விதைப்புக் கருவியும்தான் துணை. மழையை நம்பிய கரிசல் காட்டில் புரட்டாசி, ஐப்பசி விதைப்பு முடிந்து, தை பிறந்து, உளுந்தும் மக்காச்சோளமும் களத்துக்கு வரும்போதுதான் டிரெய்லரின் நினைவு மறுபடி வருகிறது. பங்குனிக்குப் பிறகு மீண்டும் ஒரு நீண்ட ஓய்வு. செங்கல் நடைக்கும் ஜல்லி நடைக்கும் விடுகிறவர்கள் கதை வேறு. சொந்த விவசாயத்துக்கு மட்டும் வைத்திருப்பவரின் டிரெய்லர் வருடத்தில் பாதிக்கு மேல் சும்மாதான் நிற்கிறது.

சும்மா நிற்கும் வண்டிக்குச் செலவில்லை என்று நினைப்பது தவறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிரெய்லரைவிட, கண்ட இடத்தில் நிற்கும் டிரெய்லர்தான் சீக்கிரம் கெடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அதன் தளத்தில் தேங்குகிறது. சித்திரை, வைகாசி வெயில் முழுவதும் அதன் டயரில் விழுகிறது. தை மாதம் அறுவடை ஆட்கள் காட்டில் காத்து நிற்கையில் டயர் வெடிப்பு விட்டுக் கிடந்தால், அன்றைய நடைக்கு வாடகை வண்டியைத் தேட வேண்டியதுதான். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் அறுவடை என்பதால் அந்த வாடகை வண்டியும் எளிதில் கிடைப்பதில்லை.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. வண்டிக்கு வீட்டு வாசலிலோ தொழுவத்திலோ ஓர் இடம் இருந்தது. நுகத்தடியை முட்டுக்கட்டையில் ஏற்றி நிறுத்துவார்கள். கோடையில் மரச்சக்கரம் காய்ந்து சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுவிடக் கூடாதே என்று ஈரச் சாக்கைப் போர்த்தி நீர் தெளிப்பார்கள். மாட்டைக் கவனிப்பதுபோல வண்டியையும் கவனித்தார்கள். டிராக்டர் வந்தபோது அந்தக் கவனிப்பு முழுவதும் டிராக்டருக்குப் போய்விட்டது. டிராக்டருக்குக் கொட்டகை உண்டு, பூட்டு உண்டு, ஆயுத பூஜைக்குச் சந்தனமும் உண்டு. டிரெய்லர் மட்டும் கழற்றிய இடத்திலேயே கிடக்கிறது.

இடம் எங்கே இருக்கிறது?

கேட்பதற்கு எளிய கேள்விதான். பத்தடி நீளம், ஆறடி அகலம் உள்ள சாதாரண டிரெய்லருக்கு, டிராக்டருடன் பூட்டும் முன் கம்பத்தையும் சேர்த்தால் பதினைந்து, பதினாறு அடி நீளம் வேண்டும். சுற்றி நடக்க இடம் விட்டால் அகலம் பத்தடி. இதோடு முடியவில்லை. தை மாதம் டிராக்டர் வந்து பூட்டி இழுத்துக்கொண்டு திரும்புவதற்கு முன்புறம் இன்னும் அவ்வளவு இடம் வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நிறுத்தும்போது காலியாக இருந்த முன்புறத்தில் அடுத்த மாதம் சோளத்தட்டைப் படப்பு எழும்பிவிடுகிறது. பிறகு படப்பைப் பிரிப்பதா, டிரெய்லரை ஆட்களை வைத்துத் தள்ளுவதா என்ற நிலை.

அருப்புக்கோட்டையை ஒட்டியிருக்கும் பாளையம்பட்டியில் வீடுகள் நெருக்கமானவை. தெருவில் நிறுத்தினால் அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல். பொதுக் களத்தில் நிறுத்தினால், முதலில் அறுவடைக்கு வருகிறவருடன் மனத்தாங்கல். பங்காளியின் புஞ்சையில் நிறுத்தினால் முதல் வருடம் பேச்சில்லை. இரண்டாம் வருடம் முகம் சுளிப்பு. மூன்றாம் வருடம் அளவைக் கல்லைத் தேடுகிற அளவுக்கு விவகாரம் முற்றலாம். கண்மாய்க்கரையும் ஓடைப் புறம்போக்கும் காலியாகத் தெரிந்தாலும் அங்கே நிறுத்துவது சரியல்ல. ஐப்பசியில் ஒரே இரவில் ஓடையில் வெள்ளம் வருவது இந்த வறண்ட சீமையிலும் உண்டு. மேலும் கண்மாய்களில் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. டிரெய்லரை நிறுத்துவதும், அதற்குமேல் தகரம் போடுவதும், நான்கு கால் நடுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது சாலையோரம். மதுரை-தூத்துக்குடி நான்கு வழிச் சாலை இந்த வட்டாரத்தின் வழியாகத்தான் போகிறது. திருச்சுழிப் பக்கம் பிரியும் சாலைகளிலும் இரவில் போக்குவரத்து உண்டு. விளக்கில்லாமல், பின்பக்கம் சிவப்பு ஒளிப்பட்டை இல்லாமல், பாதிச் சக்கரம் தார் மேல் ஏறி நிற்கும் டிரெய்லர், எதிரே லாரி வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது இரு சக்கர வண்டியில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. மோதி விழுகிறவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்தான். காட்டு வேலை முடிந்தோ, மில் ஷிப்டு முடிந்தோ வீடு திரும்புகிறவர். டிரெய்லருக்கு இடம் தேடும் அலுப்பில் ஒரு குடும்பத்தின் விளக்கை அணைத்துவிடக் கூடாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு, பொது இடத்தில் ஆபத்தோ இடையூறோ ஏற்படும்படி வாகனத்தை நிறுத்தக் கூடாது என்று சொல்லும்போது டிரெய்லரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் பொது இடத்தில் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்த 127-வது பிரிவு போலீசாருக்கு அதிகாரம் தருகிறது. மூன்று மாதம் நிற்கும் டிரெய்லருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கரிசல் மண்ணின் குணம்

சொந்தப் புஞ்சையில் ஓர் ஓரம் இருக்கிறதே என்பவர்கள் மண்ணைப் பார்க்க வேண்டும். கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆவணியில் பாறைபோல இறுகிக் கிடந்த தரை, இரண்டு நல்ல மழைக்குப் பிறகு களிபோல இளகிவிடும். டிரெய்லரின் முன் கால் ஒரு பக்கம் இறங்கும். சக்கரம் பாதி புதையும். வண்டி கோணலாக நிற்கும். மாதக்கணக்கில் கோணலாக நின்றால் ஒரு பக்க ஸ்பிரிங் பட்டையே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. மார்கழியில் அவசரமாக வேண்டும் என்றாலும் டிராக்டரை அந்த ஈரத்துக்குள் விட முடியாது. விட்டால் டிராக்டரும் சேர்ந்து சிக்கும்.

ஆகவே கொட்டகையைப் பற்றி யோசிக்குமுன் தரையைப் பற்றி யோசிப்பதே முறை. கரிசலின் மேல் அரை அடி உயரத்துக்குச் சரள் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, மழைநீர் ஒரு பக்கமாக வடியும்படி மேடு அமைத்தால் போதும். குப்பை அடிக்கும் அதே பருவத்தில் இரண்டு மூன்று நடை சரளையும் அடித்துவிடலாம். பாதையிலிருந்து அந்த மேடு வரைக்கும் டிராக்டர் சக்கரம் ஓடும் தடத்திலும் கொஞ்சம் சரள் போட மறக்கக் கூடாது.

மர நிழல் நல்லதுதானே என்று தோன்றும். வேம்பின் நிழல் டயருக்கு நல்லதுதான். ஆனால் உதிரும் சருகு தளத்தில் சேர்ந்து, மழையில் ஊறி, ஈரச் சாக்கு விரித்ததுபோல மாதக்கணக்கில் தகட்டைத் துருவேற்றும். பனைக்கு அடியில் நிறுத்துவது மட்டையையும் பழத்தையும் தலையில் வாங்கிக்கொள்வதாகும். இந்தச் சீமையில் எங்கும் பரந்திருக்கும் சீமைக்கருவேலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதன் முள் காய்ந்தபின்னும் டயரைத் துளைக்கும். கருவேல் புதரை ஒட்டி நிறுத்துகிறவர் பஞ்சர் கடைக்காரரை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. காய்ந்த புல்லையும் முள்ளையும் சுற்றிலும் பத்தடிக்கு அகற்றிவிட வேண்டும். யாரோ தட்டையைக் கொளுத்தும் நெருப்பு டயருக்கு வந்துவிட்டால் பிறகு அணைப்பது கடினம்.

நிறுத்தும் முறை

முதல் வேலை கழுவுவது. யூரியா, பொட்டாஷ் மூட்டைகளிலிருந்து சிந்திய துகளும் தொழு உரத்தின் ஈரமும் இரும்பை அரிக்கும். மூலைகளிலும் பின் கதவின் கீலிலும் தங்கியிருப்பதைச் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிட வேண்டும். பெயின்ட் உரிந்த இடங்களில் துருவைத் தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடித்தால் போதும். முழு வண்டிக்கும் வர்ணம் தேவையில்லை.

பிறகு அச்சுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் அச்சின் கீழ் கருங்கல் அடுக்கி, டயர் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரும்படி நிறுத்த வேண்டும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பாரம் தாங்கும் டயர் அந்த இடத்தில் தட்டையாகிவிடும். மரக்கட்டை வைத்தால் கரையான் சும்மா விடாது. காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம். முழுவதும் இறக்கிவிடக் கூடாது. வெயில்தான் ரப்பருக்குப் பெரிய பகை என்பதால் டயர்களைச் சாக்கினாலோ ஓலைத் தட்டியினாலோ மறைக்க வேண்டும். டிரெய்லரைக் கிழமேலாக நிறுத்தினால் மாலை வெயில் டயரின் பக்கவாட்டில் நேராக விழாது. ரப்பர் வெடிக்காமல் இருக்க டயரில் பழைய என்ஜின் ஆயிலைத் தடவும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது கெடுதல். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி இளகிவிடும். அந்த ஆயிலை முன் கம்பத்தின் வளையத்திலும் சங்கிலியிலும் தடவினால் பயனுண்டு.

தளத்தில் நீர் தங்காமலிருக்க முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பின் கதவைத் திறந்து வைப்பது நல்லது. டிப்பர் வகையாக இருந்தால் பெட்டியை முழுக்க இறக்கிவிட வேண்டும். தூக்கி நிறுத்தினால் ஹைட்ராலிக் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். அதைவிட, எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் படுதாவை இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் வேர்த்து நிற்கும். ஆடிக் காற்றில் படுதாவும் மிஞ்சாது. நான்கு கால் நட்டு, மேலே தகரமோ ஓலையோ போட்டு, மேற்கே மட்டும் ஒரு தட்டி கட்டினால் காற்றும் வரும், வெயிலும் தடுக்கும்.

ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சின் மேல் தராசுபோல நிற்கிறது. நான்கைந்து பிள்ளைகள் பின்பக்கம் ஏறிக் குதித்தால் முன் கம்பம் மேலே எழும்பி வண்டி பின்னால் சாயும். விளையாடும் பிள்ளைகளில் ஒன்று கீழே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லில் ஏற்றிய டிரெய்லரில் இந்த அபாயம் இன்னும் அதிகம். எனவே முன் காலுக்கு மட்டுமல்ல, பின்பக்கச் சட்டத்தின் இரு மூலைகளுக்கும் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். முன் கம்பத்தைத் தரையில் புதைத்த கல்லுடன் சங்கிலி போட்டுப் பூட்டினால் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, டயர் திருடனுக்கும் தடை.

வாடகைக்கு ஓர் இடம்

சொந்த இடம் இல்லாதவர்களுக்கு வழி இல்லாமலில்லை. இங்கிலாந்தில் விடுமுறைக்கு ஊர் சுற்றுகிறவர்கள் காரின் பின்னால் சிறு வீடு போன்ற டிரெய்லர் ஒன்றை இழுத்துச் செல்வது வழக்கம். கேரவன் என்பார்கள். கோடை முடிந்ததும் அதை நிறுத்தப் பலருக்கு வீட்டில் இடமில்லை. அங்கே பல விவசாயிகள் தங்கள் காலிக் கொட்டகையையும் களத்தையும் அதற்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள். விளைச்சல் பொய்த்த வருடத்திலும் அந்த வரும்படி வருகிறது.

இங்கே அது அப்படியே பொருந்தாது என்றாலும் யோசனை கெட்டதல்ல. மூடிக் கிடக்கும் பழைய பஞ்சுக் கிட்டங்கியோ, அரிசி ஆலையின் வெளி முற்றமோ, ஆள் குடியிருக்கும் தோட்டத்துக் கொட்டகையோ நான்கைந்து டிரெய்லருக்கு இடம் தரும். நான்கு பேர் சேர்ந்து பிடித்தால் ஒருவருக்கு விழும் வாடகை சிறிது. ஒரு ஜோடி டயரின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வாய்ப் பேச்சாக வைத்துக்கொள்ளாமல் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, யார் சாவி வைத்திருப்பது, எத்தனை நாள் முன்னால் சொல்லிவிட்டு எடுப்பது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாடகை வாங்காமல் இடம் தரும் உறவினரிடமும் இது தேவை. அவர்களிடம்தான் அதிகம் தேவை. டிராக்டரின் காப்பீட்டில் டிரெய்லரும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள் வேலைக்காகவே டிரெய்லர் வாங்க நினைப்பவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறையும் வாடகை மையங்களும் என்னென்ன கருவிகளைத் தருகின்றன என்று விசாரித்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

மார்கழிக் கடைசியில் டிரெய்லரை எடுக்கப் போகும்போது நேரே கையை உள்ளே விடக் கூடாது. அடுக்கிய கல்லுக்குள் சுருட்டை விரியன் அடங்கிக் கிடக்கலாம். நீண்ட கம்பால் கற்களையும் சாக்கையும் தட்டி, சற்றுப் பொறுத்து, வெளிச்சத்தில் பார்த்த பிறகே ஜாக்கியை வைக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்து, கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். காற்றைச் சரியான அளவுக்கு ஏற்றி, பின் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, சிவப்பு ஒளிப்பட்டை உரிந்திருந்தால் புதிதாக ஒட்டிவிட்டு, முதல் நடை பாதிப் பாரத்தோடு ஓட்டிப் பார்க்கலாம். கற்களை அங்கேயே ஓர் ஓரமாக அடுக்கி வைத்தால் பங்குனியில் மறுபடி தேட வேண்டாம்.