நானூறு பக்க நாவலுக்கு வாசல் ஒரே ஒரு பக்கம்! தெரியுமா?

வருஷக்கணக்கில் கண் விழித்து எழுதிய நாவல். அதைப் பதிப்பகத்தில் ஒருவர் புரட்டிப் பார்ப்பாரா, ஓரமாக வைப்பாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, கூடவே போகும் ஒரு பக்கக் கடிதமும் கதைச்சுருக்கமும்தான் என்றால் நம்புவீர்களா? ஆனைக்குட்டத்திலும் அக்கம்பக்கத்துக் கரிசல் கிராமங்களிலும் நோட்டு நோட்டாகக் கதை எழுதி வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்காகவே!

உங்கள் பக்கத்து ஊர்க் கதைக்கு நல்கை கிடைத்தது தெரியுமா?

1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம். இந்த இரண்டையும் உள்ளே வைத்துக் கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி எழுதிய ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கங்களைத் தாண்டும்! அதற்கான ஆய்வுக்குப் பெங்களூரில் இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் நிதி கொடுத்தது. இப்படி நல்கை கேட்பவர், என்ன எழுதப் போகிறேன், ஏன் எழுதுகிறேன், எங்கே தேடப் போகிறேன் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 2012-இல் க்ரியா பதிப்பகம் நூலை வெளியிட்டது. 2014-இல் சாகித்திய அகாதமி விருது!

நோபல் எழுத்தாளரின் கடிதத்திலேயே ‘வேண்டாம்’ என்று குறித்தார்கள், தெரியுமா?

வில்லியம் கோல்டிங் 1953-இல் லண்டன் ஃபேபர் பதிப்பகத்துக்குத் தன் முதல் நாவலை அனுப்பினார். கூட வைத்த கடிதம் மிகமிகச் சின்னது. பழகிய ஒரு சூழலுக்கு உருவக விளக்கம் என்று தன் நாவலை அறிமுகப்படுத்தியிருந்தார். தீவில் தனியாக மாட்டிக்கொண்ட சிறுவர்களைப் பற்றியோ, அவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடும் பயங்கரத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது! பதிப்பகத்துக்காகப் படித்துப் பார்த்தவர், குப்பை என்கிற தோரணையில் அந்தக் கடிதத்தின் மேலேயே கிறுக்கி நிராகரித்தார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த சார்லஸ் மான்டீத் என்ற இளம் ஆசிரியர் அந்தக் கட்டை எடுத்துப் படித்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். 1954-இல் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ வெளிவந்தது. 1983-இல் கோல்டிங்குக்கு நோபல் பரிசு! ஆனால் எல்லாப் பதிப்பகத்திலும் ஒரு மான்டீத் இருக்க மாட்டார். கடிதம்தான் அவர் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

பத்தாயிரம் வார்த்தையில் ஒரு கடிதம்!

டோல்கீன் 1951-இல் காலின்ஸ் பதிப்பகத்தின் மில்டன் வால்ட்மனுக்கு எழுதியது ஏறக்குறைய பத்தாயிரம் வார்த்தை. தன் கற்பனை உலகத்தின் மொத்த வரலாற்றையும் அதில் கொட்டினார். ஆனாலும் காலின்ஸ் போடவில்லை! ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954-55-இல் ஆலன் அண்ட் அன்வின் மூலமாகத்தான் வந்தது. இன்று ஆங்கிலப் பதிப்பகங்களுக்கு எழுதும் கடிதம் முந்நூறு வார்த்தைக்குள் நின்றால் போதும் என்பார்கள்.

தேம்ஸ் நதியில் மூழ்கியிருக்க வேண்டிய மால்குடி!

மால்குடி என்ற கற்பனை ஊரில் நடக்கும் ஆர்.கே. நாராயணின் ‘சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ பதிப்பகம் பதிப்பகமாகத் திரும்பி வந்தது. மனம் நொந்த நாராயண், கைப்பிரதியைக் கல்லைக் கட்டித் தேம்ஸில் போட்டுவிடு என்று ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார்! நண்பர் கேட்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் பரிந்துரைக்க, 1935-இல் நாவல் அச்சேறியது. அப்படி ஒரு நண்பர் இல்லாதவருக்குக் கடிதம்தான் துணை!

கையில் இருந்த ஒரே பிரதியைக் கப்பலேற்றியவர்!

நைஜீரியாவின் சினுவா அச்சேபே, கையால் எழுதிய தன் நாவலை டைப் அடிக்க லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினார். வேறு பிரதி கிடையாது. கட்டணம் கட்டியும் மாதக்கணக்கில் பதிலே இல்லை! அவருடைய மேலதிகாரி லண்டன் போனபோது நேரில் விசாரித்த பிறகுதான் பிரதி வந்து சேர்ந்தது. 1958-இல் வெளிவந்த அந்த நாவல்தான் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’. ஒரு பிரதி எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்!

உ.வே.சா.வும் ஆதரவு கேட்டு அலைந்தார், தெரியுமா?

1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அச்சுச் செலவுக்காகப் பலரிடமும் போய், பணம் தருவதாகக் கையொப்பம் வாங்கினார். புத்தகம் வருவதற்கு முன்பே அதன் அருமையை ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்லிப் புரியவைத்தார். தமிழ்த் தாத்தாவே கேட்டிருக்கிறார், நமக்கு என்ன கூச்சம்?

முடிவை ஒளிக்கக் கூடாது, தெரியுமா?

பலரும் சறுக்கும் இடம் இதுதான்! புத்தகத்தின் பின்அட்டை வாசகருக்கானது. அங்கே முடிவை மறைக்கலாம். கதைச்சுருக்கம் பதிப்பாசிரியருக்கானது. அங்கே கடைசித் திருப்பம் வரை சொல்லியே ஆக வேண்டும்.

“மனித உறவுகளின் மகத்துவத்தைப் பேசும் காவியம்” என்று எழுதினால் எந்த நாவலுக்கும் பொருந்தும். இதைப் பாருங்கள்: “சரவெடி பின்னிப் பிழைக்கும் ஒரு தாய். 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போடுகிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக, வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமாகச் சரம் பின்ன ஒப்புக்கொள்கிறாள். தெரு முழுக்க ஆபத்து என்று தெரிந்த மகள், கடைசியில் தாய்மீதே புகார் கொடுக்கிறாள்.” யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது, எப்படி முடிகிறது, எல்லாம் நான்கே வரியில்! சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? பெட்டியைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பதைச் சொல்லும் தீப்பெட்டி லேபிள் மாதிரிதான் இது.

விலாசம் சின்ன ஊராக இருந்தால் மதிப்பார்களா?

மேலாண்மறைநாட்டு மேலாண்மை பொன்னுச்சாமிக்கு 2007-இல் சாகித்திய அகாதமி. மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனுக்கு 2018-இல். இரண்டும் விருதுநகர் மாவட்டம்! தெற்கே இடைசெவல் கி. ராஜநாராயணனுக்கு 1991-இல், உருளைக்குடி சோ. தர்மனுக்கு 2019-இல். கரிசல் மண்ணுக்கு இதைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் வேண்டுமா!

தமிழ் நாவலுக்கு இப்போது உலகச் சந்தை, தெரியுமா?

2023 ஜனவரியில் முதல் சென்னை சர்வதேசப் புத்தகக் காட்சி நடந்தது. அங்கே நடப்பது புத்தக விற்பனை இல்லை, மொழிபெயர்ப்பு உரிமைப் பேச்சு! தமிழ் தெரியாத வெளிநாட்டுப் பதிப்பாளர் உங்கள் நாவலை எதை வைத்து எடைபோடுவார்? கதைச்சுருக்கத்தையும் மொழிபெயர்த்த ஒரு மாதிரி அத்தியாயத்தையும் வைத்துத்தான்!

தமிழில் பெரும்பாலும் இலக்கிய முகவர் கிடையாது, பதிப்பாசிரியருக்கே நேரடியாக எழுதலாம். அது நமக்கு வாய்த்த பெரிய வசதி. அந்தப் பதிப்பகம் போட்ட நாவல் இரண்டையாவது முதலில் படித்துவிடுங்கள். கடிதத்தில் தலைப்பு, பக்க அளவு, கதை நான்கு வரி, இதை எழுத உங்களுக்குள்ள தகுதி, இவ்வளவு போதும். பட்டாசு ஆலையில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் கூசாமல் எழுதுங்கள். வேறு எவரிடமும் இல்லாத தகுதி அது! தனியாக ஒன்றிரண்டு பக்கத்தில் முடிவு வரைக்கும் கதைச்சுருக்கம், யூனிகோடில் தட்டச்சு செய்த முதல் மூன்று அத்தியாயங்கள். கீழே உங்கள் பெயர், ஆனைக்குட்டம், விருதுநகர் மாவட்டம் என்று முழு விலாசம். ஒரு பதிப்பகம் ‘வருந்துகிறோம்’ என்றால் கடிதத்தைத் திருத்தி அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். அலமாரியில் கிடக்கும் நாவலை எந்தப் பதிப்பாசிரியராலும் படிக்க முடியாது. இந்த வாரமே அந்த ஒரு பக்கத்தை எழுதி அனுப்பிவிடுங்கள்!