உப்பை அள்ளிய கை!



குளியலறை மூலையில் சொறித்தவளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், சமையலறைக்கு ஓடிப் போய் ஒரு பிடி கல் உப்பை அள்ளி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் அள்ளி வந்திருக்கிறேன். கல்யாணமாகி விருத்தாசலம் வந்த புதிதில், மாமியார் சொல்லிக் கொடுத்த வழி அது. உப்பு பட்டதும் துடித்துக் கொண்டு ஓடும். 'அப்பாடா' என்று கதவைச் சாத்தி விடுவேன். ஓடினது பிழைத்ததா, செத்ததா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இத்தனைக்கும், தவளை தோல் வழியாகத் தான் தண்ணீரை உறிஞ்சுகிறது, தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது என்று பத்தாம் வகுப்பு வரை படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவள்!

2019 ஜனவரியில், இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கைக்குப் பிரசவம். அம்மாவுக்கு முழங்கால் வலி. 'என்னால அவ்ளோ தூரம் பிளேன்ல குந்தியிருக்க முடியாதும்மா, நீயே போயிட்டு வந்துடு' என்று சொல்லி விட்டார். என் இரண்டு பிள்ளைகளையும் மாமியார் பார்த்துக் கொள்ள, நான் கிளம்பினேன். (அந்த மூன்று மாதமும் முகம் சுளிக்காமல் பார்த்துக் கொண்டார். உப்பு விஷயத்தில் அவரைக் குறை சொன்னேனே தவிர, இதையும் சொல்ல வேண்டும் அல்லவா?)

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், மழை தூறிக் கொண்டிருந்த சாயங்காலம். பக்கத்து வீட்டுப் பாட்டி, எழுபது வயதிருக்கும், மஞ்சள் சட்டை மாட்டி, கையில் டார்ச் லைட்டும் பக்கெட்டுமாகக் கிளம்பினார். குழாயில் தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். தங்கை சிரித்து விட்டாள். 'தவளைய ரோடு தாண்டி விடப் போறாங்கக்கா. நீயும் போயேன், வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கற' என்றாள்.

ஒரு வேடிக்கைக்காகத் தான் போனேன். அங்கே குளிர் காலம் முழுக்க சொறித்தவளைகள் இலைச் சருகுக்கு அடியிலும், மரக்கட்டைக்கு அடியிலும் தூங்குமாம். குளிர் கொஞ்சம் குறைந்து, மழையும் பெய்தால், இருட்டியதும் எழுந்து, தாங்கள் பிறந்த குளத்துக்கே முட்டையிட நடக்கத் தொடங்கி விடும். நாம் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது போலத் தான்! நடுவில் யாரோ ரோடு போட்டிருப்பது அதுகளுக்கு எப்படித் தெரியும்? அந்த நாட்டு ரோடுகளில் வருஷத்துக்கு இருபது டன் சொறித்தவளைகள் நசுங்கிச் சாவதாக ஒரு கணக்கு சொல்கிறார்கள்.

அதனால், ஊருக்கு ஊர் தொண்டர்கள் கூடி, ராத்திரியில் பொறுக்கி எடுத்து எதிர்ப்பக்கம் விடுகின்றனர். 'பிராக்லைப்' என்ற அமைப்பு இதை ஒருங்கிணைக்கிறது. பாத் நகரத்தை ஒட்டிய சார்ல்கோம் என்ற இடத்தில், இதற்காகவே வருஷா வருஷம் ஆறு வாரம் போல ஒரு ரோட்டையே மூடி விடுவார்களாம்.

என் கையில் கிரீம் தடவியிருக்கிறேனா என்று பாட்டி முதலில் கேட்டார். அது தவளைத் தோலுக்கு ஆகாதாம். கையுறை கொடுத்தார். எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறதோ, அந்தப் பக்கமே கொண்டு போய் விட வேண்டும். திருப்பி விட்டால் மறுபடியும் ரோட்டுக்கே வரும் என்றார். பெண் தவளை பெரிசு. ஆண் தவளை சின்னது. அந்த ஆண், பெண்ணின் முதுகில் ஏறி, ஜம்மென்று சவாரி வருகிறது. முட்டையையும் சுமந்து, புருஷனையும் சுமந்து ரோடு தாண்டுகிறாள் மகராசி! தங்கையிடம் சொன்னதும், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரித்தாள்.

முதல் நாள் தொடவே பயம். இரண்டாம் நாள் கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்து விட்டனர். உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை என்று தனித்தனியாக எழுத வேண்டும். பால் கணக்கு எழுதிப் பழகிய கை; தப்பே வரவில்லை. 'இந்த நோட்டு எதுக்கு?' என்று கேட்டேன். இப்படி ஊர் ஊராக எழுதி வைத்த நோட்டுகளை வைத்துத் தான், முப்பது வருஷத்தில் அங்கே சொறித்தவளைகள் 68 சதவீதம் குறைந்து விட்டன என்று 2016ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்களாம்.

அதற்குள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, போனில் ஒரே சத்தம். 'பச்சப் புள்ள இருக்கற வூட்ல தவளையத் தொட்டுட்டு வர்றியா? தேரை தோஷம் புடிச்சா புள்ள எளச்சிப் போயிடும்டி!' என்றார். எனக்கும் உள்ளுக்குள் பயம் தான், மறைப்பானேன்? ஒவ்வொரு ராத்திரியும், அந்தக் குளிரிலும் தலைக்குக் குளித்த பின் தான் குழந்தையைத் தூக்கினேன். குழந்தை கொழுகொழுவென்று தான் வளர்ந்தாள்.

ஒரு நாள் பாட்டி கேட்டார்: 'உங்கள் ஊரில் வீட்டுக்குள் தவளை வந்தால் என்ன செய்வீர்கள்?'

எனக்கு நாக்கு ஒட்டிக் கொண்டது. 'மெதுவாக எடுத்து வெளியே விடுவோம்' என்று கூசாமல் பொய் சொல்லி விட்டேன். அவர் 'நல்லது, நல்லது' என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். உப்பை அள்ளிய அதே கையை! அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் என் அப்பாவிடம் தவளை பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். நான் பிறப்பதற்கு முன், மழைக்காலத்தில் ஆட்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கும் கோணிப்பையுமாக வயலில் இறங்கி, பச்சைத் தவளைகளைப் பிடித்துப் போவார்களாம். காலை மட்டும் வெட்டி, வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வயலில் பூச்சி பெருகியதும் தான் அருமை தெரிந்தது. 1987ல் மத்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உலகம் முழுக்க, தவளை இனங்களில் ஐந்தில் இரண்டு அழியும் ஆபத்தில் இருப்பதாக இப்போது சொல்கின்றனர். குளம் குட்டையைத் தூர்ப்பது ஒரு காரணம். தோலில் பற்றிக் கொல்லும் பூஞ்சை நோய் ஒரு காரணம். நம் நாட்டிலும் தொண்டர்கள் உண்டு. டில்லி பல்கலைக்கழகத்து பிஜு என்பவர் 2010ல், காணாமல் போன தவளைகளைத் தேட ஆட்களைத் திரட்டினார். 136 வருஷமாக யார் கண்ணிலும் படாத ஒரு பச்சைத் தவளை, மேற்குத் தொடர்ச்சி மலையில் மறுபடியும் கிடைத்தது.

நான் மலைக்கெல்லாம் போக முடியுமா? அந்தப் பாட்டி, தோட்டத்தில் உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்து, தவளைக்கு வீடு செய்து வைத்திருந்தார். உடைந்த சாமானுக்கு எங்கள் ஊரிலா பஞ்சம்? என்னவர் வேலை செய்யும் பீங்கான் பொம்மைப் பட்டறையில், சூளையில் விரிசல் விட்ட ஜாடிகள் மூலையில் குவிந்து கிடக்கும். நாலைந்தை வாங்கி வந்து, பின்பக்கம் துவைக்கிற கல்லை ஒட்டி, ஈரத்தில் கவிழ்த்து வைத்தேன்.

மாமியார் விடுவாரா? 'தவளைய வளத்தா பாம்பு வரும்' என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. பாம்புக்குத் தவளை பிடிக்கும் தான். அதனால், ஜாடிகளை வாசற்படியில் இருந்து தள்ளி, வேலி ஓரம் மாற்றினேன். குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்கு வலை அடித்தேன். தப்பி உள்ளே வந்ததைப் பழைய சொம்பால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, எடுத்துப் போய் வேலி ஓரம் விடுகிறேன். உப்பு டப்பா சமையலுக்கு மட்டும்.

போன ஐப்பசியில் நல்ல மழை. ராத்திரி பதினோரு மணி இருக்கும். குளியலறையில் இருந்து மாமியார் குரல்:

'ஏம்மா, ஒன் வெள்ளக்காரப் பாட்டி வூட்டு விருந்தாளி வந்துருக்கு. சொம்ப எடுத்துக்கிட்டு வா, சீக்கிரம்!'

- ஒரு வாசகி, விருத்தாசலம்.