ஒருவரின் ரத்த வகை பாதி வழியில் மாறுமா?

பிறந்தபோது 'ஓ' வகை, பத்து வயதில் 'ஏ' வகை. இப்படி நடக்குமா? நடக்கும். கொடையாளரின் ஸ்டெம் செல், அதாவது ரத்தத்தை உண்டாக்கும் மூலச்செல், உடலில் வேர்பிடித்தால், சில மாதங்களில் ரத்தம் அவருடைய வகைக்கே மாறிவிடும்.

எப்படி? தேனி மாவட்டத்துத் தேவாரத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறுபவர்களுக்கு எளிதில் புரியும். நோயுற்ற ஏலத்தூரை அகற்றிய பிறகே புதுக்கன்று நடுவார்கள். அதுபோல, எலும்பு மஜ்ஜையிலுள்ள பழுதான செல்களை மருந்தால் அழித்துவிட்டு, கொடையாளரின் செல்களை ரத்தக்குழாய் வழியே ஏற்றுகிறார்கள். அவை மஜ்ஜையைத் தாமே தேடிச்சென்று, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் புது ரத்தம் உண்டாக்கத் தொடங்குகின்றன.

அப்படியானால் ரத்த வகை பொருந்த வேண்டாமா? கட்டாயமில்லை. பொருந்த வேண்டியது செல்களின் மேலுள்ள 'எச்.எல்.ஏ.' அடையாளம். உடன்பிறந்த ஒருவரோடு அது முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். பொருத்தம் குறையக் குறைய, புதுச் செல்கள் நோயாளியின் உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கும் அபாயம் கூடுகிறது.

பொருத்தம் இருந்தால் மட்டும் வெற்றி உறுதியா? இல்லை. எடுத்துக்காட்டாக, தலசீமியா என்ற பிறவி ரத்தநோயில், தொடர்ந்து ரத்தம் ஏற்றியதால் இரும்பு படிந்து கல்லீரல் கெட்ட பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். அதற்கு முன்பே சிகிச்சை பெறுபவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். 'வளரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே பெரிய ஆபத்து.